நான் நகர்ந்தால் நின்றுபோகும் வைஃபை

மாதம் முடியும்வரை என் கைப்பேசியிலிருந்து ஒரு துளி டேட்டாவும் கசியக் கூடாது என்று சூளுரைத்தேன். மிச்சமிருந்தது அரை ஜிபி. குற்றாலத்தில் இலவச வைஃபை சாரலாகப் பொழிகையில், சொந்தக் குடத்தை எதற்காகக் கவிழ்க்க வேண்டும்? மனைவி உலகம்மாளின் கைப்பேசிக்கு நான் டேட்டாவே போடவில்லை. சிக்கனம் வீட்டிலிருந்துதானே தொடங்க வேண்டும்.

அன்று மாலை ஐந்து மணிக்கு, ஷார்ஜாவில் எங்கள் பேத்திக்கு முதல் மேடைப்பேச்சு. மகள் வீடியோ காலில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள்.

"அஞ்சு மணிக்குப் பிள்ள பேசுதா. நெட்டுக்கு என்ன செய்யப் போறிய?"

"ஐந்தருவிக்குப் போறோம். பரீது சிப்ஸ் கடையில வைஃபை சும்மா குடுக்காரு."

உலகம்மாள் செருப்பை மாட்டினாள். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன்.

நாலே முக்காலுக்குக் கடைவாசலில் நின்றோம். பரீது நேந்திரங்காயை எண்ணெயில் சீவிக்கொண்டிருந்தார்.

"பாஸ்வேர்டு என்ன?"

"இந்த ஊர் பேருதான் அண்ணாச்சி, இங்கிலீஷ்ல. எம் மவன் போட்டான்."

"எப்படி எழுதணும்?"

"போர்டுல இருக்க மாதிரி போடுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே நான்கு விடுதிகள், நான்கு பலகைகள், நான்கு விதமான குற்றாலங்கள். ஒன்று 'கே'யில் தொடங்கியது, மற்றொன்று 'சி'யில். ஒன்றில் ஒரு 'டி', அடுத்ததில் இரண்டு. நான்கையும் போட்டேன். நான்கும் தவறு.

"மணியாவுது. உங்க போன இங்கன குடுங்க."

உலகம்மாள் வாங்கினாள். அவள் விரல் இருமுறை அசைந்தது. திருப்பிக் கொடுத்தாள். அடுத்த நொடியே அவளுடைய கைப்பேசியில் பேத்தி, பட்டுப்பாவாடையுடன், பளிங்குபோலத் தெளிவாக.

நான் மலைத்துப்போனேன்.

"எந்த எழுத்த போட்ட?"

"அதெல்லாம் விடுங்க. போன பையில வச்சிட்டு எம் பக்கத்துல நில்லுங்க."

இலவச வைஃபையின் மகிமையை வியந்தபடி கார் நிறுத்துமிடம்வரை நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அங்கன போவாதிய. நீங்க நவுந்தா பிள்ள நின்னுருதா."

திரும்பி வந்தேன். பேத்தி பேசினாள். ஐயம் தீர, எதிர்த்திசையில் அருவிவரை போய்ப் பார்த்தேன். மீண்டும் உறைந்துவிட்டாள். வந்தேன், பேசினாள். எனக்கு மெய்சிலிர்த்தது. முப்பத்தாறாண்டு இல்வாழ்க்கையில் எங்களுக்குள் இப்படியோர் இணைப்பு இருந்ததை நான் அறியவில்லையே!

"அண்ணாச்சி, தெனமும் வந்து நில்லுங்க. எங்க வைஃபைக்கே நல்லது" என்றார் பரீது.

கைதட்டல் முழங்கப் பேச்சு முடிந்தது. அதே கணம் என் சட்டைப்பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். 'ஹாட்ஸ்பாட் வழியே டேட்டா பகிர்வு: ஒரு சாதனம் இணைந்துள்ளது.' அதன் கீழே, 'தங்கள் டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது.'

உலகம்மாளைப் பார்த்தேன். அவள் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"பிள்ள பேசி முடிச்சிட்டா. இனி நீங்க எங்க வேணும்னாலும் போங்க."