மச்சானின் சோர்ஸ் கோடும் என் மரியாதையும்

கெட்ட எண்ணத்தோடு செய்கிற காரியம் பாதிதான் கெட்டுப்போகும். நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள வேண்டும் என்று செய்கிற காரியம்தான் அடியோடு நாசமாகும். (இதை எந்தப் பெரிய மனுசனும் சொல்லல. நானே பட்டுச் சொல்றேன்.)

அந்த வருஷம் எனக்கு இருபத்து மூன்று வயது. கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. அலையவெல்லாம் இல்லை. திண்டுக்கல்லில் ஸ்டெல்லா அக்கா வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் வீட்டுக்காரர் சேவியர் மச்சானுக்கு மஸ்கட்டில் வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். வந்தாலும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் அவர் வாயிலிருந்து வராது.

அக்கா வீட்டு ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரெய்ல் பிரிண்டர் இருந்தது. காகிதத்தில் மை அடிக்காது, புள்ளி குத்தும். ஓட ஆரம்பித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். பள்ளிக்கூடத்தில் ஒத்துவராது என்று ஓரங்கட்டிய கிழட்டு மிஷின் அது; வேறொன்று வாங்க அங்கே காசு இல்லை. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. எந்தப் புதுக் கம்ப்யூட்டரும் அதோடு பேச மாட்டேன் என்றது. மச்சான் ஒரு லீவில் வந்தவர், 'பாப்போம்' என்று உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுப்பது இயங்குதளம் என்கிற புரோகிராம். சில இயங்குதளங்களை எழுதியவர்கள், எழுதிய வரிகளையெல்லாம் ஊருக்கே திறந்து வைத்திருப்பார்கள். அதுதான் சோர்ஸ் கோடு. யார் வேண்டுமானாலும் ஒரு நகலை வீட்டுக்கு இறக்கி, திருத்தி, தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். மச்சான் அப்படி இறக்கிய நகலில் ஏழு ஃபைலைத் திருத்தினார். இருபது நாள் ஆனது. அக்கா கொடைக்கானல் போகலாம் என்று எடுத்து வைத்த ஸ்வெட்டர் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. இருபத்தோராம் நாள் பிரிண்டர் 'டக டக டக' என்று தமிழில் ஒரு பக்கம் குத்தியது. அக்கா அதை விரலால் தடவிப் படித்துவிட்டு அழுதாள். மச்சான், 'சரி, சோறு வையி' என்றார்.

கிளம்புகிற அன்று ஸ்டேஷனில் வைத்து என்னிடம் அவர் பேசியதுதான் அவர் வாழ்நாளிலேயே நீளமான பேச்சாக இருக்க வேண்டும்.

"மாப்ள, அந்த சோர்ஸ மாசத்துக்கு ஒரு தடவ புதுப்பிச்சுக்க. ஓட்டை ஒடசல அடச்சு அனுப்பிக்கிட்டே இருப்பாங்க. ஆனா அதுக்கு முன்னாடி எம் ஃபைலு ஏழையும் இந்தப் பென் டிரைவுல போட்டு வையி. என்னத்த மாத்திருக்கோம்னு அவங்க ஒரு அறிவிப்பு எழுதி வச்சிருப்பாங்க. அதப் படிச்சுட்டு அப்புறமாக் கை வையி. என்ட்ட வேற நகல் இல்ல."

"நான் பாத்துக்கறேன் மச்சான்" என்றேன். (இந்த ஒரு வார்த்தைய நான் யார்கிட்டச் சொன்னாலும் அவங்க ஓடிப்போயிரணும். அப்ப அது யாருக்கும் தெரியாது.)

மாசத்துக்கு ஒரு தடவையா? எனக்கு அது பத்தவில்லை. தினமும் பல் விளக்கும் முன்பே நான் சோர்ஸைப் புதுப்பித்தேன். உலகத்தின் எந்த மூலையிலோ ஒருத்தன் ஒரு கமாவைத் திருத்தினால், மத்தியானத்துக்குள் அந்தக் கமா நாகல்நகரில் எங்கள் ஹாலில் இருக்கும். வேலையில்லாதவனுக்கு இதைவிடப் பெரிய பதவி வேறென்ன வேண்டும்? டீக்கடையில் பெருமையாகச் சொல்வேன், "இன்னக்கி மட்டும் நூத்திப் பத்துத் திருத்தம் இறக்கிருக்கேண்ணே."

"அதுல என்னப்பா இருக்கு?" என்பார் டீ ஆற்றுகிறவர்.

அது மட்டும் எனக்குத் தெரியாது. அறிவிப்பை ஒரு நாளும் படித்ததில்லை. பென் டிரைவில் கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டுக்காரர் கேட்ட பாட்டுகள் இருந்தன. இடம் பத்தவில்லை என்று அதிலிருந்த ஏழு ஃபைலை அழித்திருந்தேன். அதான் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே!

நாலு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மச்சான் திருத்திய ஃபைல்களை வெளியில் யாரும் தொடவில்லை. கடவுள் என்னைப் போன்றவர்களை உடனே தண்டிப்பதில்லை, நன்றாக ஊறவிட்டுத்தான் எடுப்பார்.

இந்த இடத்தில் மும்தாஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேகம்பூர்ப் பிள்ளை, பிறவியிலேயே பார்வை கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு வரலாறு என்றால் உயிர். மதுரையில் ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லி, அங்கேதான் வரலாறு படிப்பேன், அப்புறம் அங்கேயே பாடம் நடத்துவேன் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த வருஷம் பாடத்திட்டம் மாறியிருந்தது, புதுப் பிரெய்ல் புத்தகம் கைக்கு வரவில்லை. அதனால் அக்கா பதினாலு பாடத்தையும் தானே டைப் செய்து, ஒவ்வொன்றாகப் பிரிண்டரில் குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் மும்தாஜின் அத்தா காதர் பாய், செருப்புக் கடையைச் சாத்திவிட்டு மகளை டிவிஎஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டி வருவார். ஒன்பது பாடம் முடிந்தது. ஐந்து பாக்கி. பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்.

"யாராவது வாசிக்கக் கேட்டுப் படிக்கலாம்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காதுல கேட்டா தூக்கம்தாண்ணே வருது. வெரல்ல படிச்சாத்தான் மண்டையில ஏறும்" என்றாள்.

அன்று காலை அக்கா பள்ளிக்கூடம் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "சாயங்காலம் மும்தாஜ் வருவா. பத்தாவது பாடத்த ஓட விட்டுட்டு சும்மா இரு. வேற எதையும் நோண்டாத, என்ன?"

"நான் என்ன பச்சப் பிள்ளையா?" என்றேன். அவள் தெருமுனையைத் தாண்டியதும் புதுப்பிக்க ஆரம்பித்தேன். இடம் வேண்டும் என்று, ஆபத்துக்கு வைத்திருந்த பழைய சிஸ்டத்தின் நகலையும் அழித்தேன்.

முதல் தடவையாக மிஷின் பாதியில் நின்று என்னைக் கேள்வி கேட்டது. இந்த ஃபைலை இங்கேயும் திருத்தியிருக்கிறார்கள், அங்கேயும் திருத்தியிருக்கிறார்கள். எதை வைத்துக்கொள்ளட்டும், உன்னுடையதையா, அவர்களுடையதையா?

எங்கள் வீட்டு வளர்ப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், தட்டில் கடைசித் துண்டு கறி கிடந்தால், 'அவங்களுக்கு வைங்க' என்று சொல்ல வேண்டும். 'எனக்கு' என்று வாய் திறந்தால் அம்மா மேசைக்கு அடியில் தொடையைத் திருகி எடுத்துவிடுவாள். பிரியாணிக் கடை உள்ள ஊரில் பிறந்து, ஒரு தடவைகூட லெக் பீஸ் தின்னாமல் வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவனிடம் போய் 'உன்னுடையதா, அவர்களுடையதா' என்று கேட்டால்?

நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. அவர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள்! என்னுடையது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. 'அவர்களுடையது' என்று அழுத்தினேன். அடுத்த ஃபைலுக்கும் கேட்டது. அதற்கும் அவர்களுடையதுதான். இப்படி ஏழு தடவை கேட்டது, ஏழு தடவையும் பணிவாகப் பதில் சொன்னேன். மச்சானிடமும் ஏழு ஃபைல்தானே என்று ஒரு குரங்குக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. நாம் எவ்வளவு அடக்கமான ஆள் என்ற நினைப்பிலேயே மிதந்துகொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி முடிக்க மிஷினுக்குச் சாயங்காலம் வரை ஆனது. மும்தாஜும் அவள் அத்தாவும் வந்து உட்கார்ந்தபோது அக்கா காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் ராஜா மாதிரி பட்டனை அழுத்தினேன். பிரிண்டர் ஓடியது. வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. "பாத்தியா, புதுசாக்குனதும் என்னா வேகம்!" என்று வேறு சொன்னேன்.

மும்தாஜ் முதல் பக்கத்தை மடியில் வைத்துத் தடவினாள். விரல் வலது பக்கம் போய்த் திரும்பி வந்தது. மறுபடி போனது.

"அண்ணே, இதுல எழுத்தே இல்லண்ணே. அம்மை போட்ட மாதிரி பக்கம் பூரா புள்ளியா இருக்கு."

"பேப்பர் சரியில்ல" என்றேன். வேறு பேப்பர் வைத்தேன். அதற்கும் அம்மை போட்டது. அக்கா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் வீட்டை விட்டே ஓடியிருக்க வேண்டும். வேறு போக்கிடம் இல்லாததால் நின்றேன்.

மச்சானுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"என்ன கேட்டுச்சு?" என்றார் மச்சான்.

"உன்னுதா அவங்களுதான்னு கேட்டுச்சு மச்சான்."

"நீ என்ன சொன்ன?"

"அவங்களுதுன்னு."

"எத்தன தடவ?"

"ஏழு."

"நம்ம எழுதுனதத்தான் மாப்ள அது 'உன்னுது'ங்குது. சரி, பழைய சிஸ்டம் இருக்குல்ல?"

"இடம் பத்தலன்னு காலையில அழிச்சுட்டேன்."

"பென் டிரைவு?"

"இருக்கு மச்சான்."

"அதுல என்ன இருக்கு?"

"திருவிழாப் பாட்டு."

மச்சான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "ஸ்டெல்லாட்ட குடு" என்றார். அக்கா ஃபோனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அறிவிப்பை அப்போதுதான் திறந்து பார்த்தேன். பிரிண்டர் பகுதியை மொத்தமாக மாற்றுகிறோம், சொந்தத் திருத்தம் வைத்திருப்பவர்கள் முதலில் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

காதர் பாய் எழுந்து என் தோளில் கை வைத்தார். "பரவால்ல தம்பி. மிஷினுன்னா அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. அக்கா பிரெய்ல் எழுதுகிற பலகையும் ஊசியும் எடுத்து, கையாலேயே ஒவ்வொரு புள்ளியாகக் குத்த ஆரம்பித்தாள். ஐந்து பாடத்தில் இரண்டை முடிப்பதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. துணி சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் மூன்று வேளையும் சோறு போட்டாள். அந்தச் சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்றது. (இறங்குச்சு. ஆனா கஷ்டப்பட்டு இறங்குச்சு.)

பாக்கி மூன்று பாடத்தை நான் வாசித்துக் காட்டுவது என்று முடிவானது. தினமும் டவுன் பஸ் ஏறிப் பேகம்பூர் போவேன். மும்தாஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், நான் உரக்க வாசிப்பேன். பத்தாவது நிமிஷம் அவள் தலை சாயும்.

"மும்தாஜு."

"முழிச்சுத்தாண்ணே இருக்கேன்."

"கடைசியா என்ன சொன்னேன்?"

"'மும்தாஜு'ன்னு சொன்னீங்க."

அவள் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிப்பார். நானும் சிரித்துத்தான் வைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவேன்.

மஸ்கட்டில் மச்சான் தினமும் வேலை முடிந்து அறைக்கு வந்து, ஞாபகத்திலிருந்தே ஏழு ஃபைலையும் மறுபடி எழுதி அனுப்பினார். பிரிண்டர் மறுபடி தமிழ் குத்தியபோது வரலாற்றுப் பரீட்சை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பெரிய கேள்விகளில் இரண்டு, நான் வாசித்த மூன்று பாடத்திலிருந்து வந்திருந்தன. அவள் சொல்வதை எழுதுவதற்கு ஆள் தயாராக உட்கார்ந்திருந்தார், அவளுக்குத்தான் சொல்ல ஒன்றும் வரவில்லை.

மதுரைக் கல்லூரியில் ஐந்து மார்க்கில் இடம் போய்விட்டது.

அந்த ஐந்து மார்க் எப்படியும் போயிருக்கும் என்று அம்மா சொல்வாள், மச்சான்கூட ஒரு தடவை சொன்னார். எனக்காகச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? மும்தாஜ் உள்ளூரிலேயே கிடைத்த படிப்பைப் படித்தாள். பரீட்சை எழுதி, இன்று ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டர். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அக்கா வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் வருஷா வருஷம் பெருநாள் சாப்பாடு பேகம்பூரில்தான். புதிதாக யார் வந்திருந்தாலும் மும்தாஜ் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்துவாள்.

"இவருதான் எங்க அண்ணன். மிஷினு ஏழு தடவ கேட்டும், நான் வாத்தியாராகக் கூடாதுன்னே முடிவு பண்ணவரு."

எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா புரையேறச் சிரிப்பாள். மச்சான் ஊரில் இருந்தால், அவர் உதடுகூடக் கொஞ்சம் அசையும். மும்தாஜ்தான் எல்லாரையும்விட அதிக நேரம் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், பழகிவிட்டது.

காதர் பாய் மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. குனிந்தபடியே என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார்.