நகத்தால் கீறிப் பார்ப்பவர்

வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஓட்டுகிறவர்கள் ஒரு வகை, காப்பாற்றுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; அவர்கள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டாவது வகையைத்தான் இப்போது நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். தேடி அலைய வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்ததும் இலையைக்கூடப் பார்க்காமல், மடக்கு நாற்காலியின் கம்பியைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்து, "வெறும் ஸ்ப்ரே சார், ரெண்டு வருஷம் தாங்காது" என்று பக்கத்து இலைக்காரரிடம் ரகசியம் சொல்கிறாரே, அவர்தான். பேருந்துக் கைப்பிடி, பூங்கா பெஞ்சு, பெண் பார்க்கப் போன வீட்டின் கேட் எதுவும் அந்த நகத்துக்குத் தப்பாது. இதை எழுதுகிறவனுக்கு இவ்வளவு நுணுக்கமாக எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நம்மிடம் அகப்பட்டவர் பெயர் வெற்றிசெல்வன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். பிறந்தது வேதாரண்யம். அங்கே உப்பளக் காற்று ஜன்னல் கம்பியை அப்பளமாக உதிர்த்துவிடும் என்பதால், மற்றவர்கள் பேய்க்குப் பயப்படும் வயதிலேயே அவர் துருவுக்குப் பயந்தவர். கல்யாணமான வருஷம் வாங்கிய அவருடைய மோட்டார் சைக்கிளில், போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிளகு அளவுக்கு ஒரு துருப்புள்ளி தென்பட்டது. சாயங்காலத்துக்குள் வண்டி முழுவதையும் பிரித்துவிட்டார். மிளகளவு துருவுக்கு முழு வண்டியையும் பிரிப்பார்களா? பிரிப்பார்கள். பிரித்துவிட்டுத்தான் யோசிப்பார்கள்.

யோசனை இதுதான்: பவுடர் கோட்டிங்கா, பெயிண்டா? இதன் அருமை தெரியாத பாக்கியசாலிகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவுடர் கோட்டிங் என்றால், இரும்பைச் சுத்தமாக்கி, மின்சாரத்தின் தயவில் வண்ணப்பொடியை அதன்மேல் ஒட்டவைத்து, பெரிய அடுப்புக்குள் சுட்டெடுப்பது. பொடி உருகித் தோல் மாதிரி கவ்விக்கொள்ளும். நல்ல கெட்டி. ஆனால் ஓரிடத்தில் பேர்ந்தால் அந்த வழியாக ஈரம் புகுந்து, மேலே பளபளப்பும் அடியில் துருவுமாகச் சத்தமில்லாமல் பரவும். அந்த இடத்தை மட்டும் சரிசெய்வதும் கஷ்டம். பெயிண்ட் அவ்வளவு கெட்டியில்லை. ஆனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்துகொள்ளலாம். ஆகமொத்தம் இரண்டிலும் நல்லது உண்டு, இரண்டிலும் குறை உண்டு. சாதாரண மனிதராக இருந்தால் இந்த இடத்தில் எதையோ ஒன்றைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

வெற்றிசெல்வன் கரந்தையில் பெயிண்டர் அய்யாக்கண்ணுவின் பட்டறைக்குப் போய்ப் பவுடரின் பெருமையைப் பேசினார்.

"பவுடர்னா கல்லு பட்டாலும் பேராதாமே?"

"அப்பப் பவுடரே போடுங்க சார்."

"டேங்க்ல ஏற்கெனவே நெளிசலை அடைச்சுப் பட்டி பார்த்திருக்கு. அடுப்புல வச்சாப் பொங்கிடுமே?"

"அப்பப் பெயிண்டே அடிங்க சார்."

"லாங் ரன்ல யோசிக்கணும்ல?"

அய்யாக்கண்ணு லாங் ரன்னை அவரிடமே விட்டுவிட்டு ஓர் ஆட்டோவுக்கு மஞ்சள் அடிக்கப் போய்விட்டார். அடுத்த வாரம் நம்மவர் பவுடர் கோட்டிங் பட்டறைக்குப் போய்ப் பெயிண்டின் பெருமையைப் பேசினார். ராத்திரியானால் வாட்ஸ்அப் குழு. துருவை ஒழிக்கவென்றே கூடிய அந்தக் குழுவில், திருப்பூர்க்காரர் முதல் திருநெல்வேலிக்காரர் வரை யாருடைய வண்டியும் அப்போது ஓடுகிற நிலைமையில் இல்லை.

இதற்குள் ஐப்பசி வந்து அடைமழையும் பிடித்துக்கொண்டது. சக்கரங்கள் கட்டிலுக்கு அடியில், பெட்ரோல் டேங்க் பழைய புடவை சுற்றிக்கொண்டு பீரோ மேல், சைலன்சர் சமையலறைப் பரணில். பாபநாசத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் மனைவி சந்திரலேகாவைத் தினமும் காலையில் புது பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்ட வண்டி அது. இப்போது அவர் குடையும் கையுமாக டவுன் பஸ்ஸுக்கு நின்றார். கார்த்திகையும் போயிற்று. ஒருநாள் நனைந்து வந்தவர், ஈரக் குடையைக் கூடத்துச் சுவரில் சாய்த்திருந்த ஹேண்டில் பாரிலேயே மாட்டிவிட்டுச் சொன்னார்:

"இந்தப் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு நாம இந்த வண்டிலதான் போறோம். ஆர்.சி. வேற மார்கழியோட முடியுது. போகிக்குள்ள அதையும் புதுப்பிச்சு வண்டி வாசல்ல நிக்கலேன்னா, பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு நானே தூக்கிக் குடுத்துருவேன்."

"அவசரப்பட்டு ஒண்ணைப் பண்ணிட்டு அப்புறம் பதினஞ்சு வருஷம் வருத்தப்படக் கூடாது லேகா."

"நான் படலையா?"

வெற்றிசெல்வன் நிஜமாகவே பயந்துபோனார். வண்டிமேல் அவருக்கு உயிர். மனைவிமேலும் உயிர்தான், ஆனால் அவருக்குத் துருப் பிடிக்காது என்று ஒரு தைரியத்தில் இருந்துவிட்டார். போகியன்று பழைய இரும்புக்காரரின் தராசில் தன் வண்டி தொங்குவதை நினைத்துப் பார்த்தார். அன்றே முடிவெடுத்தார்: டேங்குக்குப் பெயிண்ட், மற்ற எல்லாவற்றுக்கும் பவுடர்.

பவுடர் பட்டறைக்கார ஹாஜா மைதீன் பெரும்பாலும் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறவர். "பவுடர் படக் கூடாத இடம் எதுன்னு சொல்லுங்க சார், டேப் ஒட்டிடுறேன்" என்றார். நம்மவர் போல்ட்டு மரை ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். பேரிங் உட்காரும் இடங்களைக் காட்டினார். குழுவில் கற்றது ஒன்றையும் விடவில்லை. "மத்தபடி எறும்பு கால் வைக்கிற இடம்கூட விடக் கூடாது பாய். ரெண்டு கோட்டுப் போடுங்க."

அப்படியே போட்டார். கருகருவென்று வந்தது வண்டி. மெக்கானிக் பூட்டிக் கொடுத்ததும் வெற்றிசெல்வன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக் கண்கலங்கினார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் நம்புகிறேன்.

போகிக்கு முந்தின நாள் காலையில் வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் நின்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் ஹேண்டில் பாருக்குக் கீழே குனிந்து, சேசிஸ் நம்பர் வெட்டியிருக்கும் இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். தாள் கறுத்தது. நம்பர் விழவில்லை.

"நம்பர் எங்க சார்?"

"அங்கதான் சார் இருக்கு. உள்ள."

"உள்ளன்னா?"

"கோட்டிங்குக்கு உள்ள."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நம்பரை மறைச்ச வண்டிக்கு வெளில என்ன பேரு தெரியுமா சார்? திருட்டு வண்டி. வாத்தியாரா இருக்கீங்க, போங்க. சாயங்காலத்துக்குள்ள நம்பரைக் காட்டுங்க. நாளைலேருந்து லீவு."

மைதானத்து மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிசெல்வன் உப்புத்தாளால் தேய்த்தார். அசையவில்லை. சாவியால் சுரண்டினார். சாவி தேய்ந்தது. ஹார்டுவேர் கடைக்கு ஓடி, பெயிண்ட் உரிக்கும் திரவம் வாங்கிவந்து ஊற்றினார். அது பாட்டுக்கு வழிந்து கீழே போயிற்று. நாளைக்குத் தராசு வந்துவிடுமே என்று அவர் டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருக்கும்போது சந்திரலேகா போன் செய்தார்.

"என்னங்க ஆச்சு?"

"லேகா, நீ நம்பவே மாட்ட! பேரவே மாட்டேங்குது! என்ன பண்ணினாலும் அசையல!" குரலில், பிள்ளை பெற்ற அப்பாவின் பூரிப்பு.

"அது நல்ல சேதியா, கெட்ட சேதியா? முதல்ல அதைச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு அவர் மறுபடி டப்பாவை எடுத்தார்.

திரவத்தை மறுபடி மறுபடி ஊற்றி, துணியைப் போட்டு ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்க்கத் தேய்க்க, ஆபீஸ் மூடும் நேரத்துக்குக் கொப்புளம் கிளம்பித் தோல் உரிந்து நம்பர் தெரிந்தது. காலத்துக்கும் போகாது என்று போட்ட பூச்சை அந்த மாதமே தன் கையால் உரித்தெடுத்து, பச்சை இரும்பைக் காட்டி, கையெழுத்து வாங்கினார். பழைய இரும்புக்காரர் மறுநாள் தெருவோடு கூவிக்கொண்டு போனார், சந்திரலேகா கூப்பிடவில்லை.

பொங்கலன்று மன்னார்குடி சாலையில் இருவரும் போனார்கள். உரித்த இடத்தில் துருவுக்குப் பயந்து வாஸலின் தடவியிருந்தது. அறுவடை இயந்திரம் ஒன்று சேற்றையும் சரளையையும் வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டு முன்னால் போயிற்று. திடீரென்று வண்டியின் அடியில் ஒரு கல் பட்டு 'டிங்' என்றது. வெற்றிசெல்வனின் கை தானாகப் பிரேக்குக்குப் போயிற்று.

"நிறுத்தினீங்கன்னா நான் இறங்கி பஸ் ஏறிடுவேன்" என்றார் சந்திரலேகா. சொல்லிவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வெற்றிசெல்வன் நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் இனத்தில் இதைவிடப் பெரிய வீரச்செயல் கிடையாது.

சிரித்தீர்கள். சந்தோஷம். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: சந்திரலேகா அம்மா வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாரா என்று கவலைப்படுகிறீர்களா, அல்லது கல் பட்ட இடத்தில் பவுடர் பேர்ந்ததா இல்லையா என்று தவிக்கிறீர்களா? இரண்டாவதுதானே? உங்களுக்கும் ஆரம்பமாகிவிட்டது, ஜாக்கிரதை. பேர்ந்ததா என்பது எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளலாமென்று போன ஞாயிற்றுக்கிழமை டார்ச் லைட்டும் கையுமாக அவர் வீட்டுக்கே போனேன். வண்டி இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் அதில் தாராசுரம் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.