இரண்டு வீட்டிலும் சரிசமமாகச் சாப்பிட்டவர்

நடுநிலைமையைப் பற்றி மைக் பிடித்துப் பேசியவர்கள் பதினேழு பேரை என் எழுபத்திரண்டு வயதில் பார்த்திருக்கிறேன். நடுநிலைமைக்காக வயிறு கெட்டுப் படுத்தவர் ஒருவர்தான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் அவர் எடை போடாத லாரி இல்லை, தீர்த்து வைக்காத தகராறு இல்லை. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் எடைமேடை.

சேரப்பணஞ்சேரிக்குப் போகும் திருப்பத்தில் லாரிகளை அப்படியே ஏற்றி எடை பார்க்கும் மேடை ஒன்றை அவர் நடத்திவந்தார். பக்கத்தில் எட்டடிக்கு ஆறடி அறை. அதற்குள் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, இரண்டு ஸ்டூல். மூன்றாவது ஸ்டூல் கிடையாது. "ரெண்டு பேருக்குத்தான் சண்ட. மூணாவது ஆளு குந்தினா அவன் வக்கீலாயிடுவான்" என்பார்.

வீட்டுக்காரர், குடித்தனக்காரர், பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர் என்று எத்தனையோ பேர் கோர்ட்டுக்குப் போகும் வழியில் அவரிடம் இறங்கி, அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் அவரைப் பிடிப்பது சுலபமில்லை. போய் நின்றதும் முதல் கேள்வி இதுதான்:

"என்னிய நடுவுல வேணாம்னு சொல்றதுக்கு உன் எதிராளிக்கு இன்னா காரணம் கீது? அத நீயே சொல்லு."

பாதிப் பேர் இதிலேயே ஓடிவிடுவார்கள். பதில் சொன்னால், அவர் தன் பக்கத்துக் காரணங்களையும் எடுத்து வைப்பார். யார் வீட்டில் எத்தனை தடவை கை நனைத்தார் என்பதுதான் அதில் முக்கியம். ஒரு வீட்டில் கூட, ஒரு வீட்டில் குறைய என்றால், குறைந்த வீட்டில் சாப்பிட்டுச் சமன் செய்த பிறகுதான் வழக்கைத் தொடுவார்.

ஒருமுறை தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பதினான்கு பையன்களுக்கும் அவர்களுடைய வீட்டுக்காரருக்கும் தகராறு. மொட்டைமாடியைப் பூட்டிவிட்டார், யூனிஃபார்ம் காயப்போட இடமில்லை என்பது புகார். வீட்டுக்காரர் வீட்டில் எடைமேடை மூன்று தடவை பிரியாணி சாப்பிட்டிருந்தார். ஆகவே பையன்கள் அறையில் மூன்று நாள் சாப்பிட்டார். நைட் ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தில் அவர்கள் வைத்த ரசம். மூன்றாம் நாளுக்குப் பிறகு இரண்டு நாள் எடைமேடை மூடியிருந்தது. ஆனால் மொட்டைமாடி திறந்தது.

இவரிடம் நானும் ஒருநாள் போய் நிற்க வேண்டி வந்தது.

நான் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவன். போல்ட், நட்டு, வாஷர் எண்ணி எண்ணி, ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது எண்ணாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. என் பக்கத்து வீட்டுக்காரர் மரியதாஸ் அதே தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் இருந்தார். கம்பெனி பஸ்ஸில் இருபத்தாறு வருடம் என் பக்கத்து இருக்கை. அவருடைய குளியலறைச் சுவரை இடித்துக் கட்டியபோது, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே போகும் பொதுச் சந்தில் அது முன்னே வந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் இரண்டு சொன்னார். ஒன்பது வருடம் கோர்ட்டில் நின்றோம். முப்பத்தெட்டு வாய்தா.

அதுவரை எல்லாம் என் வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். பிறகு என் மனைவி கமலாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் படப்பைக்குப் போய்க் காலுக்குப் பயிற்சி செய்ய வேண்டும். எங்கள் வாசல் அந்தச் சந்தின் கோடியில் இருக்கிறது. ஆட்டோ உள்ளே வராது. வாசலிலிருந்து தெருவுக்கு அறுபத்தொரு தப்படி. முப்பதாவது தப்படியில் அவள் மரியதாஸின் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எந்தச் சுவர் மீது வழக்குப் போட்டேனோ அதே சுவரை.

நீதிபதி எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "இருவரும் ஒத்துக்கொள்ளும் ஒருவரை மத்தியஸ்தராக வைத்துப் பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள்" என்றார். அங்கேதான் உண்மையான வழக்கு தொடங்கியது.

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரைச் சொன்னேன். அவர் என் மகனுக்குப் பாடம் எடுத்தவர் என்று மரியதாஸ் மறுத்தார். அவர் ஒரு டாக்டரைச் சொன்னார். அந்த டாக்டர் மரியதாஸுக்கு ஊசி போட்டவர் என்று நான் மறுத்தேன். இப்படி ஏழு பெயர். ஏழாவது ஆள் இரண்டு பேருக்கும் அறிமுகமே இல்லாதவர். முன்பின் தெரியாதவரை எப்படி நம்புவது என்று இரண்டு பேரும் சேர்ந்து மறுத்தோம். ஒன்பது வருடத்தில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எட்டாவதாக மரியதாஸ் தரப்பிலிருந்து எடைமேடையின் பெயர் வந்தது. வழக்கம்போல மறுக்க வாயைத் திறந்தேன். கமலா வாக்கரில் சாய்ந்தபடி சொன்னாள்:

"ஏங்க, அறுபத்தொரு தடவ கால் தூக்கி வைக்கிறது நீங்களா, நானா?"

திறந்த வாயால் சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த அறையில் முதல் ஸ்டூலில் நான், இரண்டாவதில் மரியதாஸ். மேஜைமேல் எடைமேடை: காதில் பால்பாயிண்ட் பேனா, காக்கிச் சட்டை, கண் மட்டும் வெளியே நிற்கும் லாரி மேல். வழக்கமான முதல் கேள்வி வந்தது. நான் அதற்குத் தயாராகவே போயிருந்தேன்.

"உங்க பேரச் சொன்னது மரியதாஸ். உங்களுக்கு அவர ரொம்ப நாளாத் தெரியும்."

"அது அவரு சொல்ல வேண்டிய காரணமா, நீ சொல்ல வேண்டிய காரணமா சார்? உனக்கும் எனக்கும் இன்னா பழக்கம், அத சொல்லு."

யோசித்தேன். "எங்க பழைய கம்பெனி லாரிக்கு நான்தான் உங்ககிட்ட எடைச் சீட்டு வாங்கிட்டுப் போவேன். ஒருதடவகூட சந்தேகப்பட்டதில்ல."

"ஆங், அது கரீட்டு. இப்ப என் பக்கம் கேளு. தாசு வூட்ல நாலு கிறிஸ்மசுக்கு நாலு தபா சாப்ட்டுகீறேன். உன் வூட்ல ஒரு வாய் தண்ணி குட்ச்சதில்ல. இன்னிய தேதிக்கு நான் தாசு ஆளு. நாலு வேள சோறு போடு. அப்பால பாப்போம்."

மரியதாஸ் துள்ளினார். "அண்ணா, எங்க வூட்ல போட்டது மட்டன். இவரு வூட்ல வெறும் வத்தக்கொழம்பு. அது எப்டி சமமாவும்?"

"வயிறு ரொம்புச்சா, அது ஒரு வேள. வண்டில இரும்பு ஏத்தினா இன்னா, பஞ்சு ஏத்தினா இன்னா? மேட காட்றது கிலோ."

அடுத்த வாரம் முதல் எடைமேடை எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார். சந்திலிருந்து உள்ளே வர எங்கள் சமையலறைக்கு ஒரு பக்கக் கதவு உண்டு. முதல் நாள் அந்த வழியாக வரும்போது படியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றார். உட்கார்ந்து மூன்று முறை சாதம் வாங்கினார். வழக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. கமலாவின் முழங்காலைப் பற்றி மட்டும் பதினோரு கேள்வி கேட்டார்.

நாலாவது சாப்பாட்டன்று கமலா பாயசம் வைத்துவிட்டாள். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது, கணக்குல இல்லாத சரக்கு? இத குட்ச்சா நான் உங்க ஆளாயிடுவேனே!"

"வச்சத எடுக்க மாட்டேன்" என்றாள் கமலா.

இரண்டு நிமிடம் டம்ளரையே பார்த்தார். ஒரே மூச்சில் குடித்தார். செருப்பைக்கூட மாட்டாமல் நேரே மரியதாஸ் வீட்டு வாசலில் போய் நின்றார். "ஸ்டெல்லாம்மா, அவசரமா இன்னாவாச்சும் ஒண்ணு குடு. பாயசத்துக்கு ஈடா." மரியதாஸின் மனைவி ஸ்டெல்லா கொடுத்த கடுங்காப்பியை அங்கேயே நின்று குடித்து முடித்தார். "இப்ப ரெண்டு பக்கமும் நாலும் ஒண்ணும். ஞாயித்துக்கெழம காலைல பேசலாம்."

ஞாயிற்றுக்கிழமை விசாரணை. அவர் முறை இது: லாரியை ஒரு தடவை சரக்கோடு எடை போடுவார்கள், ஒரு தடவை காலியாக. அதுபோலவே வழக்கையும் ஒவ்வொருவரும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை கோபத்தோடு. இரண்டாவது தடவை கோபத்தை இறக்கிவிட்டு, நடந்ததை மட்டும்.

கோபத்தோடு நான் நாற்பத்தேழு நிமிடம் பேசினேன். பஸ்ஸில் மரியதாஸ் என் தோளில் தூங்கி வழிந்தது வரைக்கும் அதில் வந்தது. நடுவில் ஆறு லாரி வந்தது. ஒவ்வொன்றுக்கும் எடைமேடை எழுந்து போய் சீட்டு போட்டுவிட்டு, "எங்க வுட்ட சார்?" என்று வந்து உட்கார்ந்தார். ஆறாவது லாரிக்குப் பிறகு எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

மரியதாஸும் தன் பங்குக்குக் கோபத்தோடு சொல்லி முடித்தார். காலி எடைக்கு எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. "சந்துல ஆட்டோ வரமாட்டேங்குது. அவளால நடக்க முடியல."

மரியதாஸுக்கு ஒன்றரை நிமிடம். "செவுரு கொஞ்சம் முன்ன வந்துடுச்சு. இவரு போலீஸ்காரன் மாதிரி கேட்டாரு. தன்மையா கேட்டிருந்தா கமலாக்கா மொகத்துக்காகவாச்சும் அன்னைக்கே இட்ச்சிருப்பேன்."

எடைமேடை கதவைச் சாத்திவிட்டு எழுந்தார். "வா, சந்துக்குப் போலாம்." போகிற வழியில் ஓர் ஆட்டோவையும் நிறுத்தி ஏறச் சொன்னார்.

ஆட்டோ சந்துக்குள் நுழைந்தது. பாதி வழியில் நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இரண்டு விரல் அகலம்தான் குறைவு. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார், வண்டிக்கு மால போட்டு இங்கியே வச்சிக்கப் போறீங்களா?"

"இந்த ரெண்டு வெரலு யாருது?" என்றார் எடைமேடை. நான் மரியதாஸைக் காட்டினேன். அவர் என்னைக் காட்டினார். எடைமேடை சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

"அடுத்தவனுத அளக்காதீங்க. ஒன்பது வருசமா அதான அளந்துகினு இருந்தீங்க? அவங்கவங்க வூட்டுத் துருத்தல அவங்கவங்களே அளந்து சத்தமா சொல்லுங்க."

மரியதாஸ் சுவர் ஓரமாகக் குனிந்து அளந்தார். "ஆறு அங்குலம்" என்றார். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. எனக்கு உள்ளே ஒரே குளிர்ச்சி.

டேப் என் கைக்கு வந்தது. என் பக்கத்தில் அளக்க என்ன இருக்கிறது என்று திரும்பினேன். சமையலறைப் பக்கக் கதவின் படி. ஆட்டோவின் பின் சக்கரம் அதில்தான் முட்டிக்கொண்டு நின்றது.

அந்தப் படியை எனக்குத் தெரியாதா? ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் அதன்மேல் உட்கார்ந்துதான் எதிரே இருக்கும் மரியதாஸின் சுவரைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். வீட்டிலிருக்கும் ஜன்னல் கம்பிகள் நூற்றுநாற்பத்துநாலு, ஓட்டுக் கொட்டகையில் ஓடு அறுநூற்றிரண்டு என்று எண்ணி வைத்தவன், உட்கார்ந்த இடத்தை எண்ணவில்லை. நான் எப்போதும் அதன்மேல் உட்கார்ந்திருந்ததால் மரியதாஸின் கண்ணிலும் அது படவில்லை, அவருடைய வக்கீல் கண்ணிலும் படவில்லை.

அளந்தேன். கதவருகே கமலா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது அங்குலம்" என்றேன்.

"சத்தமா, சார்."

"ஒன்பது அங்குலம்!"

டிரைவர் சிரித்தார். மரியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மனிதர் அல்லவா. குனிந்து படியைப் பார்த்துவிட்டு, எடைமேடையிடம் கேட்டார்: "அண்ணா, உனக்கு இது மொதல்லியே தெரியுமா?"

"மொத நாளே காலு சொல்லுச்சு. நான் சொல்லிருந்தா சாரு அதுக்கும் ஒரு வாய்தா வாங்கிருப்பாரு."

அன்று மத்தியானமே படியை இடித்தோம். ஆட்டோ வெளியே வர அது மட்டும் போதும். ஆனால் கடப்பாரையை நான் கீழே வைத்ததும் மரியதாஸ் எடுத்துக்கொண்டார். "அக்கா உள்ள குந்திக்கினு வரும்போது வண்டி இடிபடாம வரணும்" என்று தன் சுவரின் மூலையைத் தானே தட்டத் தொடங்கினார். ஒப்பந்தத்தை எடைமேடை ஓர் எடைச் சீட்டின் பின்பக்கம் நாலு வரியில் எழுதினார். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். முப்பத்தொன்பதாவது வாய்தாவில் வழக்கு முடிந்தது. வாசலிலிருந்து ஆட்டோவுக்குக் கமலா இப்போது வைப்பது மூன்று தப்படி.

ரோடு அகலப்படுத்தியதில் அந்த மேடையும் அறையும் போய்விட்டன. அவர் சிங்கப்பெருமாள் கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறார். விருந்துக்கு அழைத்தால் வரமாட்டேன் என்கிறார். காரணம் நியாயமானதுதான். கணக்கு இரண்டு பக்கமும் நாலும் ஒன்றுமாக நிற்கிறது. எங்கள் வீட்டில் முதலில் சாப்பிட்டால் மரியதாஸ் பக்கம் குறையும். அங்கே முதலில் சாப்பிட்டால் எங்கள் பக்கம் குறையும். முதலில் யார் வீடு என்பதில் எனக்கும் மரியதாஸுக்கும் நாலு மாதமாகத் தகராறு. மத்தியஸ்தத்துக்கு இதுவரை ஏழு பெயர் பார்த்தோம். ஏழும் சரிப்படவில்லை.

அவர் மகள் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டேன். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடைமேடையாரே, சந்தின் நடுவில், சரியாக இரண்டு வீட்டுக்கும் நடுவில், அளந்து பார்த்துத்தான் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். இரண்டு வீட்டுச் சாப்பாடும் ஒரே இலையில் வரும். நீங்கள் நடக்க வேண்டாம். ஆட்டோ இப்போது உள்ளே வரைக்கும் வரும்.