பொன்னாடை போர்த்தித் தேக்கு விற்றார்கள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் துறைமுக அலுவலகத்தில் மனுக்களைத் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவன் நான். (தேதி இல்லையா, திருப்பு. சாட்சி இல்லையா, திருப்பு.) அப்படிப்பட்டவனும் ஏமாறுவான். என்ன, விதிமுறைப்படி ஏமாறுவான்.

தொண்ணூறுகளின் கடைசி. ஓய்வு பெற்று ஆறு மாதம். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மின்சார ரசீதில் பிழை தேடிக்கொண்டிருந்தபோது ஓர் அழைப்பிதழ் வந்தது. திருவொற்றியூர்க் கல்யாண மண்டபத்தில், சனிக்கிழமை, 'ஓய்வு பெற்றோர் பாராட்டு விழா'. மதிய விருந்து உண்டு. அடியில் பொடி எழுத்தில் தேக்கு வளர்ப்புத் திட்டம். சேர விரும்புவோர் செக்கோ டி.டி.யோ கொண்டுவரலாம்.

"சும்மா வேடிக்கை பாக்கத்தான் போறேன்" என்று மனைவி பங்கஜத்திடம் சொன்னேன். சொல்லிவிட்டு, போகிற வழியில் வங்கியில் ஒரு டி.டி. எடுத்துக்கொண்டேன். (செக் கொடுப்பது அவ்வளவு முறையல்ல என்பது என் கொள்கை.)

கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற கன்னியப்பன் முன்பே வந்திருந்தார். சட்டைப் பையில் செக் புத்தகம். மனைவியின் கண் ஆபரேஷனுக்கென்று வைத்திருந்த பி.எஃப். பணம் முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

டை கட்டிய இளைஞன் ஒருவன் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினான். போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவன் எப்படி மாட்டேன் என்பான்? ஒருவர் சேர்ந்தால் மணி அடித்தார்கள், கைதட்டினார்கள். "இந்த விலை இன்னிக்கு மட்டும்தான் ஐயா!" சாப்பாட்டுக் கூடத்தின் கதவு மட்டும் திறக்கவில்லை. சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. (மண்டபத்தில் பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள்.)

நான் எழுந்தேன். "மரம் விளைய இருபது வருஷம். அதுவரைக்கும் நாங்க?"

அவன் கைகூப்பினான். "ஐயா மாதிரி விவரம் தெரிஞ்சவங்க எங்க ஃபாரத்தைச் சரிபார்த்துக் குடுத்தா எங்களுக்குப் பெருமை."

கேள்வி மறந்துபோனது. மேடையில் நாற்காலி போட்டார்கள், சிவப்புப் பேனா கொடுத்தார்கள். வாரிசுக்குக் கட்டம் சிறியது, சாட்சிக்கு இடமே இல்லை. நான்கு பிழைகளைத் திருத்தி, மைக்கில் "இப்ப சரியா இருக்கு" என்றேன்.

கன்னியப்பன் துள்ளி எழுந்தார். "சாரே சரின்ட்டாரு! என் லீவு லெட்டரயே ஏயு தபா திருப்புன மன்சன்யா அவுரு!"

அதன்பிறகு மணி ஓயவில்லை. கன்னியப்பனையும் சேர்த்து ஐந்து பேர் செக் எழுதினார்கள். ஐவருக்கும் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. ஆறாவது படிவமும் என்னுடையதுதான்.

பாயசம் குடிக்கும்போதுதான் படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். 'மரம் வளராவிட்டால் நிறுவனம் பொறுப்பல்ல. பணம் திருப்பித் தரப்படாது.' கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். டை கட்டியவனும் இல்லை, அவன் வந்த வேனும் இல்லை. வங்கியும் அன்றைய வேலையை முடித்துப் பூட்டியிருந்தது.

மறுநாள் ராயபுரத்தில் கன்னியப்பன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா சார் சொல்ற? நீதான கையெத்து போட்ட!"

அவர் மனைவி என் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அன்று முழுக்க வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். "உக்காருங்களேன், தரை தேயுது" என்றாள் பங்கஜம். உட்கார்ந்தபோதெல்லாம் மனு எழுதினேன். ஐந்து பேருக்கு ஐந்து மனு, ஒவ்வொன்றும் ஏழு பத்தி.

திங்கட்கிழமை வங்கி திறக்கும் முன்பே ஆறு பேரும் வாசலில் நின்றோம். எல்லாருக்கும் ஒரே வங்கி. அதிகாரி என் மனுக்களை ஓரமாக வைத்தார். "செக் நம்பரைப் போட்டு, பணம் தராதீங்கன்னு ஒரு வரி எழுதினாப் போதும் சார்." ஐந்து செக்கும் நின்றன.

"உங்க செக் நம்பர்?"

"என்னுது டி.டி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "டி.டி.ன்னா பணம் முன்னாடியே கட்டியாச்சு. அதை நிறுத்த முடியாதே சார்."

"நம்ம சாரு ஒயுங்கா மாட்டிக்கினாரு!" என்று கன்னியப்பன் சிரித்த சிரிப்பில் காசாளரும் கலந்துகொண்டார்.

கன்னியப்பன் மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் பன்னிரண்டு தேக்கு மரங்களுக்குச் சொந்தக்காரன். எந்த ஊரில் என்றுதான் தெரியாது. இன்றும் ஏதாவது திட்டத்தின் நோட்டீஸ் கிடைத்தால் கன்னியப்பன் நேராக என்னிடம் வருகிறார். "சார், இதுல தப்பு எதுனா கீதா?" இரண்டு பக்கமும் படித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்கிறேன்.

"அப்ப வேணாம் நைனா" என்று அங்கேயே கிழித்துப் போடுகிறார்.