இன் அப்சென்ஷியா

கூகுள் மேப்பில் 'அப்சென்ஷியா' என்று ஒரு இடமே இல்லை.

வீரமுத்து மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டார். சாஆ என்ற சிற்றூரில் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவர், ஜொகூர் பாருவில் பதினொரு சொந்தக்காரர்களை வேனில் வைத்துக்கொண்டு வழி தெரியாமல் நின்றார்.

"ஷர்மினி என்னதான் சொன்னா?" என்றாள் மனைவி செல்லம்.

"'இன் அப்சென்ஷியாவுல பட்டம் குடுக்குறாங்கப்பா, நீங்க யாரும் அலைய வேணாம்'னா. நமக்குச் சிரமம்னு பார்க்குறா. திடீர்னு போய் நின்னா பிள்ளை எவ்வளவு சந்தோஷப்படும்!"

"தம்போய்ல புது டேவான் ஒண்ணு இருக்கு. அதான் லா," என்றார் மச்சான் அய்யாவு.

அந்த மண்டபத்தில் யாருக்கோ பதினாறாம் நாள் காரியம். ரோஜா மாலையோடு நுழைந்தவர்களை அழுதுகொண்டே உட்காரவைத்தார்கள். சாப்பிடாமல் விடவில்லை. மகளுக்கு வாங்கிய மாலை, முகம் தெரியாத ஒரு கிழவரின் படத்தில் ஏறியது.

ஒருவழியாக மகளின் கல்லூரிக்கே போய்ச் சேர்ந்தார்கள். வீரமுத்து மட்டும் இறங்கி, பட்டமளிப்பு விழா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அப்சென்ஷியா எங்கே என்று கேட்டார்.

"அது இடம் இல்ல அங்கிள், லத்தீன். ஆள் விழாவுக்கு வரமாட்டாங்க, பட்டத்தை மட்டும் குடுத்துடுவாங்க. சர்டிபிகேட் தபால்ல வரும்."

"அப்ப எம் மக?"

"வரமாட்டாங்க."

வேனில் இருக்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? "ரெண்டு பேரைத்தான் உள்ள விடுவாங்களாம்," என்று சமாளித்தார்.

"அப்ப நாம ரெண்டு பேரும் போவோம்," என்று புதுச் சேலையைச் சரிசெய்தபடி செல்லம் இறங்கிவிட்டாள்.

உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. கார் நிறுத்துமிடத்தின் நடுவிலேயே அவள் விசும்பினாள். என்னவோ ஏதோவென்று மற்றவர்களும் இறங்கிச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒரு படமாவது இல்லாம ஊருக்குள்ள எப்படிப் போறது?" என்றாள் செல்லம்.

படம்! விழா மண்டப வாசலில் படக்காரர் ஒருவர் கடை விரித்திருந்தார். வீரமுத்து அவரிடம் ஓடி, கைப்பேசியில் மகளின் முகத்தைக் காட்டினார்.

"தம்பி, இந்த முகத்தை வெட்டி, பட்ட அங்கி போட்ட ஒரு உடம்புல ஒட்டணும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கிற மாதிரி. முடியுமா?"

படக்காரர் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எதுக்கு அங்கிள் ஒட்டணும்? இந்தப் பொண்ணு இப்பத்தானே அங்கியோட, அவங்க அப்பா அம்மாவப் பக்கத்துல நிக்க வச்சுப் படம் எடுத்துட்டுப் போனாங்க!"