தீர்மானம் அண்ணாச்சியும் பதினோரு வயிற்றுவலிகளும்

எங்கள் வாலிபர் சங்கத்துக்கு அதன் எதிரிகளால்கூட ஒரு கெடுதலும் வந்ததில்லை. வந்த தொல்லையெல்லாம் ஒரே ஓர் உறுப்பினரால்தான். தீர்மானம் போட்டால் அதைச் செய்யவும் வேண்டும் என்று அந்த மனிதர் நம்பினார்.

தென்காசியில் தையல்காரர். பெயர் என்னவோ, ஊர் முழுக்கத் 'தீர்மானம்' என்றே கூப்பிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் பன்னிரண்டு வாலிபர்கள் ஞாயிறுதோறும் அரிசிக்கடை மாடியில் கூடி, உலகத்தைத் திருத்திவிட்டு, காபி குடித்துக் கலைவோம். தீர்மானம் என்பது கைதட்டுவதற்கான சங்கதி என்று எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர.

'வாலிபர்கள் காபியைத் துறக்க வேண்டும்' என்று ஒரு வாரம் ஏகமனதாக நிறைவேற்றி, அந்தச் சந்தோஷத்தில் ஆளுக்கொரு காபி குடித்தோம். அவர் மட்டும் தம்ளரைக் கவிழ்த்தார். 'அதிகாலைத் தேகப்பயிற்சி' என்றோம். மறுநாள் விடியலில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். தலைவர் வீட்டு நாய் துரத்தியதில் அவருக்கும் நாய்க்கும் நல்ல தேகப்பயிற்சி கிடைத்தது.

அந்த வருஷம் குற்றாலச் சாரல் சமயத்தில், சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே வரிசையில் சாப்பிடும் சமபந்தி போஜனம் நடத்துவதென்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். வருஷா வருஷம் கொண்டுவருவார். பேசும்போது அவருக்கே கண்ணீர் வரும். பிறகு வீட்டுக்குப் போய், அப்பாவுக்குப் பயந்து வாயைத் திறக்கமாட்டார். நாங்களும் அப்படித்தான். ஆனால் தீர்மானம் அண்ணாச்சி சங்கத்தில் சேர்ந்து அதுதான் முதல் சாரல்.

மறுநாளே அவர் குத்துக்கல்வலசைப் பக்கத்துச் சேரிக்குப் போய், வயல்வேலை செய்யும் மாடசாமியைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம எல்லாரும் ஒரே பந்தியில சாப்பிடுதோம். சங்கத்துல தீர்மானம் போட்டாச்சி."

மேல்சாதித் தெருக்காரர் ஒருவர் தன்னை அண்ணாச்சி என்றதில் மாடசாமி திகைத்தாலும், ஆள் விவரமானவர்.

"இன்னொரு ஊர்ல இப்படித்தான் கூப்பிட்டாவ. நாங்க தின்னோம், அவிய நின்னு பாத்தாவ. எங்களுக்குச் சோறு பெருசில்ல. ஒங்க ஆளுவ பக்கத்துல உக்காரணும். இல்லன்னா எந்திரிச்சிருவோம்."

"எல்லாரும் உக்காருவாவ. கைதட்டியிருக்காவல்லா!"

இதை அவரே பெருமையாக எங்களிடம் வந்து சொன்னார். தலைவர் முகம் வெளுத்துப்போயிற்று.

ஞாயிறு காலை சங்கத்தைக் கொள்ளைநோய் தாக்கியது. பத்துப் பேருக்கு வயிற்றுவலி. பத்துப் பேரும் சீட்டு எழுதி, துணைச் செயலாளரான என்னிடம் கொடுத்தார்கள். பதினோராவது வயிற்றுவலியை நான் நேரில் சொல்வதாக ஏற்பாடு.

குற்றாலம் போகும் வழியில் ஒரு மாந்தோப்பு. தூறிக்கொண்டிருந்தது. மாடசாமியும் அவர் ஆட்கள் பதினோரு பேரும் வெளுத்த வேட்டியில் வந்திருந்தார்கள். ஒரு இலை விட்டு ஒரு இலையில் அவர்களை உட்காரவைத்திருந்தார் அண்ணாச்சி. நடுநடுவே காலி இலைகள், பல் விழுந்த வாய் மாதிரி. ஒருவரும் சோற்றைத் தொடவில்லை. மாடசாமி என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தார், முழங்காலில் கையூன்றி எழப்போனார்.

அண்ணாச்சி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவருக்குக் கண் கலங்கியது.

"பாவம்லே! எல்லாப் பயலுவளுக்கும் ஒரே நாள்லயா வரணும்? எம்புட்டு ஆசயா இருந்தானுவ!"

மனிதர் நம்பிவிட்டார்! எங்கள் தீர்மானத்தையே நம்பியவருக்கு வயிற்றுவலியை நம்புவதா பெரிது?

"நீயாவது நல்லாருக்கியேலே" என்று என் தோளைத் தட்டினார். மாடசாமி பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, எந்திரிக்காதிய. இவன் வந்திருக்காம்லா!"

வயிற்றைப் பிடிக்கத் தயாராக வந்த என் கை பாதியில் நின்றுவிட்டது. அப்பாவின் பிரம்பும் அம்மாவின் அழுகையும் கண்முன் வந்தன. மாடசாமி பாதி எழுந்தபடி என்னையே பார்த்தார். மாடசாமிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். அவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருதானா?" என்றார் மாடசாமி.

"இப்பதைக்கு" என்றார் அண்ணாச்சி.

மாடசாமி சிரித்துவிட்டார். சோற்றில் கை வைத்தார்.

அன்றைக்கு வீட்டில் எனக்கு நடந்த பூசையை எழுதப்போவதில்லை. வாங்கியது வாங்கியதுதான். தீர்மானம் அண்ணாச்சி கடைசிவரை என்னை நல்லவன் என்றே நினைத்திருந்தார். அவர் மனம் நோகக்கூடாதே என்பதற்காகவே, பல நாட்கள் நான் அப்படி இருக்கவேண்டியதாயிற்று.