தெருவையே சாய்த்த ஜோக்

இந்தப் பூமியில் இதுவரை சொல்லப்பட்ட ஜோக்குகளிலேயே தலைசிறந்ததைச் சொன்னவர் வெண்டல் கிளாசன். சொன்னபோது அவருக்கு வயது ஆறு.

அமெரிக்காவின் டெ மாயின் நகரத்தில், பூசணிக்காயைக் குடைந்து வாசலில் விளக்கு வைக்கும் ஹாலோவீனுக்கு முந்தின நாள் சாயங்காலமே பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறுவார்கள். ஜோக் சொன்னால்தான் மிட்டாய். அன்று வெண்டல் வாயைத் திறந்தார், தெரு சாய்ந்தது. ஆண்கள் தூணைக் கட்டிக்கொண்டு குலுங்கினார்கள், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நின்றபடி சிரித்தவர்கள் குறைவு. ஒவ்வொரு வாசலாக அந்தச் சிரிப்பு விளக்கேற்றிக்கொண்டே போனதை நினைத்தால், முப்பத்தாறு வருடம் கழித்தும் அவருக்குப் புல்லரிக்கும்.

இன்று அந்த ஜோக் மகள் ஜூனியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவளுக்கும் ஆறு வயது. தேனீ வேஷம்.

"புள்ள பயப்படுறா. நாலு வீட்டுக்கு போன் பண்ணி, அவ சொன்னா சிரிச்சு வைங்கன்னு சொல்லிடவா?" என்றாள் மனைவி கார்லா.

"சிரிப்பைப் போய் யாராவது ஆர்டர் பண்ணுவாங்களா? அது என்ன பீட்சாவா?" என்று கிளம்பினார் வெண்டல்.

முதல் வீடு.

"பூசணிக்காய் ஏன் பள்ளிக்கூடம் போகல?" என்றாள் ஜூனி, தன் ஷூவைப் பார்த்து. "மண்டையில இருந்ததையெல்லாம்தான் கரண்டியால சுரண்டி எடுத்துட்டாங்களே!"

"ஓ," என்றார் வீட்டுக்காரர். மிட்டாய் விழுந்தது. கதவு மூடிக்கொண்டது.

"அப்பா, அவர் சிரிக்கல."

"காதுல விழுந்திருக்காது. சத்தமா சொல்லு."

அடுத்த வீட்டில் சத்தமாகச் சொன்னாள். உள்ளே தூங்கிய கைக்குழந்தை வீறிட்டது. அதன் அம்மா பார்த்த பார்வையில் மிட்டாயை வாங்காமலே திரும்பினார்கள்.

"நடிச்சுக் காட்டணும்டா செல்லம். சுரண்டுற மாதிரி."

மூன்றாவது வீட்டில் தன் மண்டையையே சுரண்டிக் காட்டினாள். தேனீயின் கொம்பு ஒன்று கழன்று விழுந்தது.

"பாவம், தலையில பேன் இருக்கா?" என்றார்கள்.

நாலாவது வீட்டில் வேறு வழியின்றி வெண்டலே முன்னால் போய் நின்றார். கையை வீசி, குரலை ஏற்றி இறக்கி, பூசணிக்காயாகவே மாறிச் சொன்னார். கதவைத் திறந்த கல்லூரிப் பையன் நெடுநேரம் அவரைப் பார்த்தான்.

"சார், இது சின்னப் பசங்களுக்கு," என்றவன், மனசு கேட்காமல் அவர் கையில் ஒரு சாக்லேட்டை வைத்து மூடினான்.

ஜூனி பையைத் தரையில் போட்டாள். "எனக்கு ஜோக் சொல்ல வரலப்பா. இனிமே யார்கிட்டயும் சொல்லவே மாட்டேன்."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"கடைசியா ஒரே ஒரு வீடு, தங்கம். நோர்மா ஆன்ட்டி வீடு. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

மூலை வீட்டில் ஐம்பது வருடமாக இருப்பவர் நோர்மா. எண்பதை நெருங்கியவர். ஜூனி கொம்பை ஒட்டிக்கொண்டிருந்தபோது வெண்டல் மேப்பிள் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு போனை எடுத்தார்.

"ஆன்ட்டி, நான் வெண்டல்," என்றார் கிசுகிசுப்பாக. "பாப்பா உங்க வீட்டுக்கு வர்றா. ஒரு ஜோக் சொல்லுவா. அது வந்து... கொஞ்சம் சிரிச்சிடுங்களேன். கார்லாவுக்குத் தெரிய வேணாம்."



"சிரிச்சா மட்டும் போதுமாடா?" என்றார் நோர்மா. "அன்னைக்கு உனக்காக உங்கம்மா வீடு வீடா வந்து, கீழ விழுந்து சிரிங்கன்னு எங்க கையைப் புடிச்சுக் கேட்டா. இப்ப எனக்கு முட்டி இடம் கொடுக்காதுப்பா."